மார்கழி முப்பத்தொன்று

எங்கள் பக்கத்தில் டிசெம்பரை மார்கழி என்றுதான் சொல்லுவார்கள். பஞ்சாங்கத்து மார்கழி அந்த மாதத்தின் நடுவில்தான் பிறக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் கடிதத் தலைப்பிலும் சம்பளப் பேச்சிலும் கடன் தவணையிலும் தை என்றால் ஜனவரி, மார்கழி என்றால் டிசெம்பர். அந்தக் கணக்கின்படி அரசாங்க அலுவலகங்களில் நான் முப்பத்தைந்து மார்கழி முப்பத்தொன்றுகளைக் கடந்திருக்கிறேன். கடைசியாகக் கடந்தது 2022ஆம் ஆண்டினுடையது. ஓய்வு பெறும் வயதை 65 ஆக்குவதாக முந்திய ஆண்டின் வரவு செலவுத் திட்டத்தில் சொன்னார்கள். பொருளாதாரம் விழுந்தபின் 2022 ஆவணியில் வந்த இடைக்கால வரவு செலவுத் திட்டம் அதை மீண்டும் 60 என்று மாற்றியது. அறுபதைக் கடந்த எல்லோரும் அந்த ஆண்டின் கடைசி நாளோடு வீட்டுக்குப் போக வேண்டும் என்றாயிற்று. எனக்கு அப்போது அறுபத்தொன்று. இலங்கை முழுவதிலும் ஆயிரக்கணக்கானோர் ஒரே நாளில் மேசையைத் துடைத்துவிட்டு எழுந்தார்கள். அது ஒரு சனிக்கிழமை, திருகோணமலையில் மழை.

என் தங்கையின் மகன் அண்மையில் அபிவிருத்தி உத்தியோகத்தராக நியமனம் பெற்றான். போன மாதம் வீட்டுக்கு வந்தவன், தேநீர் குடித்து முடிக்குமுன்பே, "பெரியம்மா, நீங்க பார்த்தது அபிவிருத்தி வேலையா, கணக்கு வேலையா?" என்று கேட்டான். எழுதுவினைஞராகத் தொடங்கி, கிராம அபிவிருத்தி உத்தியோகத்தராகக் கிராமம் கிராமமாக அலைந்து, பிறகு சேவையில் இருப்பவர்களுக்கான மட்டுப்படுத்தப்பட்ட போட்டிப் பரீட்சை எழுதிக் கணக்காளரான ஒருத்தியிடம் அப்படிக் கேட்பது நியாயமான கேள்விதான். அவனுக்கு அன்றைக்கு ஒழுங்கான பதிலொன்றும் சொல்லவில்லை. பிறகு யோசித்துப் பார்த்ததில், இரண்டு வேலையிலும் நான் மல்லுக்கட்டியது ஒரே ஒரு திகதியோடுதான் என்று தோன்றியது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அரசாங்கப் பணம் ஒரு கிராமத்துக்கு வந்து சேரும் வழியை அறியாதவர்களுக்காகச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். ஒதுக்கீட்டுச் சட்டம் வழக்கமாக மார்கழியில் நாடாளுமன்றத்தில் நிறைவேறும். தையில் புது ஆண்டுக் கணக்கு திறக்கும். ஆனால் கணக்குத் திறப்பது வேறு, கையில் காசு கிடைப்பது வேறு. அமைச்சிலிருந்து ஒதுக்கீட்டுக் கடிதம் வர வேண்டும்; கிராமத்திலிருந்து வந்த முன்மொழிவுகள் பிரதேச ஒருங்கிணைப்புக் குழுவிலும் மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவிலும் ஏறி இறங்க வேண்டும்; தொழில்நுட்ப உத்தியோகத்தர் இடத்தைப் பார்த்து மதிப்பீடு போட வேண்டும்; பெறுகை நடைமுறை முடிய வேண்டும், அல்லது கிராம அபிவிருத்திச் சங்கத்தோடு நேரடியாக ஒப்பந்தம் எழுத வேண்டும்; இவ்வளவும் முடிந்த பிறகு திறைசேரி கட்டுநிதியை, அதாவது கொடுப்பதற்கான காசை, அனுப்ப வேண்டும். எங்காவது ஒரு கையொப்பம் சுணங்கினால் ஒரு மாதம் போய்விடும். சித்திரைப் புத்தாண்டு இடையில் வரும், தேர்தல் வந்தால் எல்லாம் நிற்கும். இப்படியாக வேலையைத் தொடங்குங்கள் என்று சங்கத்திடம் சொல்லும் நாள் பல ஆண்டுகளில் புரட்டாதியாகவோ ஐப்பசியாகவோதான் இருந்திருக்கிறது. அந்த வேலை மார்கழி முப்பத்தொன்றுக்குள் முடிந்து, அளந்து, பட்டியல் வந்து, கொடுப்பனவுக்கான உறுதிச்சீட்டு எழுதி, காசோலை வெளியே போயிருக்க வேண்டும். போகாவிட்டால் ஒதுக்கீடு காலாவதியாகும். கிராமத்து மொழியில் அதற்கு ஒரே வசனம்தான்: "காசு திரும்பிப் போயிடும்."

திருகோணமலையில் மழை எப்போது பெய்யும் என்று சின்னப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். ஐப்பசியில் இடி முழங்கத் தொடங்கினால் தை வரைக்கும் வடகீழ்ப் பருவக்காற்றின் மழைதான். ஓர் ஆண்டு மழையில் பெரும் பங்கு இந்த நாலு மாதத்துக்குள் கொட்டிவிடும். அதாவது கல்லும் மண்ணும் கொண்டு செய்யும் எந்த வேலைக்கும் ஆகாத காலத்தில்தான் எங்களுடைய காசு வந்து இறங்கும். வெயில் காயும் சித்திரையிலிருந்து ஆவணி வரையான நல்ல மாதங்கள் கடிதப் போக்குவரத்தில் கழியும்.

நான் வேலைக்குச் சேர்ந்த 1988இல் எங்கள் பகுதியில் ஒரு பிரதம எழுதுவினைஞர் இருந்தார். ஓய்வுக்கு மிக அண்மித்தவர். வெற்றிலைச் சிவப்பு ஒருநாளும் உதட்டை விட்டுப் போனதில்லை. எழுபதுகளின் தொடக்கம் வரை இந்த நாட்டின் நிதியாண்டு ஐப்பசி முதலாந் திகதி தொடங்கிப் புரட்டாதி முப்பதில் முடிந்தது என்பதை முதன்முதலில் அவர்தான் எனக்குச் சொன்னார். "அப்ப எல்லாம் மழைக்கு முந்திப் புத்தகம் மூடிடுவம், பிள்ளை. மழைக்குள்ள உட்கார்ந்து அடுத்த வருசத்துக்குத் திட்டம் எழுதுவம்" என்றார். பழைய காலத்தைப் பற்றி ஓய்வுக்குப் போகிறவர்கள் சொல்லும் எதையும் பாதியாகக் கழித்துத்தான் கேட்க வேண்டும். ஆனாலும் திகதியைப் பொறுத்தவரை அவர் சொன்னதில் கழிக்க ஒன்றுமில்லை. ஆண்டுக் கணக்கைத் தைக்கு மாற்றியவர்கள் கிழக்குக் கரையின் வானத்தைப் பார்த்து மாற்றியிருக்க மாட்டார்கள்.

எழுதுவினைஞராக இருந்த முதல் ஏழு ஆண்டுகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. 1990 ஆனியில் தொடங்கிய சண்டையும் அதற்குப் பின் நடந்தவையும் வேறோர் இடத்தில் எழுத வேண்டியவை. அந்த ஆண்டுகளில் நான் கற்றுக்கொண்டது காசேட்டை அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதுவது, அரச ஊழியர் விதிகளான தாபனக் கோவையையும் அரச பணத்துக்கான விதிகளான நிதிப் பிரமாணத்தையும் தேவையான பக்கத்தில் உடனே திறப்பது, சிங்களத்தில் வரும் சுற்றுநிருபத்தைத் தமிழ்ப் பிரதி வருமுன்பே விளங்கிக்கொள்வது ஆகிய மூன்றுந்தான். பிற்காலத்தில் மூன்றும் சோறு போட்டன.

1995இல் கிராம அபிவிருத்தி உத்தியோகத்தராக வெளிக்களத்துக்கு இறங்கினேன். அப்போது கிண்ணியாவுக்குப் பாலம் இல்லை. இன்றைக்கு இரண்டு நிமிடத்தில் கடக்கும் அந்த 396 மீற்றர் பாலம் 2009இல்தான் திறக்கப்பட்டது. அதற்கு முன் பாதையில் ஏறிக் கடக்க வேண்டும்; எங்கள் ஊரில் பாதை என்றால் ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிக்கொண்டு ஆற்றைக் கடக்கும் மிதவை. மூதூருக்குப் போவதென்றால் கொட்டியாரக் குடாவைக் கடக்கும் லாஞ்சி. மழைக்காலத்தில் லாஞ்சி ஓடாத நாள்களும் உண்டு. அந்த நாள்களில்தான் அலுவலகத்திலிருந்து 'பணிகளின் முன்னேற்றத்தை உடன் அறிவிக்கவும்' என்ற கடிதமும் வரும்.

நிலாவெளிக்கு வடக்கே, கடலோரத்துக் கிராமம் ஒன்றில் இருந்த மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தைப் பற்றிச் சொல்லாமல் என் உத்தியோகத்தைப் பற்றிச் சொல்ல முடியாது. நாற்பது பெண்கள், பெரும்பாலும் கரைவலைக் குடும்பங்கள், சிலர் கருவாடு போடுகிறவர்கள், இரண்டு பேர் விடியப்புறம் இடியப்பம் அவித்து விற்கிறவர்கள். பாலர் பாடசாலைக் கொட்டிலில் கிழமைக்கு ஒருமுறை கூடுவார்கள். பொருளாளர், பெரிய லக்ஸ்பிறே பால்மாப் பேணி ஒன்றைச் சீலைத் துண்டால் சுற்றிக் கொண்டுவருவா. அதற்குள் காசு, ஒரு சிவப்புப் பேனை, றப்பர் வளையம் போட்ட கொப்பி. முதலில் பேணியைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பாய்மேல் கொட்டுவா. எண்ணுவது அவவின் வேலை அல்ல. அந்தக் கிழமை யாரிடம் கடன் நிலுவை கூடுதலாக இருக்கிறதோ அவர்தான் எண்ண வேண்டும் என்பது அவர்கள் வைத்துக்கொண்ட ஒழுங்கு. எண்ணிய தொகையும் கொப்பியில் உள்ள தொகையும் ஒன்றாக இருந்தால்தான் பேச்சுத் தொடங்கும். எட்டாம் வகுப்போடு நிறுத்திய அந்தப் பொருளாளர் கடன் கேட்கிறவரைப் பார்த்து ஒரே கேள்விதான் கேட்பா: "எந்தக் காசில கட்டுவா?" எதற்குக் கடன் என்று அவ கேட்டதை நான் காணவில்லை. கேட்காமலே அவவுக்குத் தெரியும்.

ஆண்டுக்கு ஒருமுறை அந்தச் சங்கம் தவணை எடுப்பதை நிறுத்தும். ஐப்பசி கடைசியில் வாடை பிறந்து கடல் கொந்தளிக்கத் தொடங்கியதும் கரைவலைக்காரர் வலையைச் சுருட்டிவிடுவார்கள். மாசிக்குப் பிறகுதான் கடல் இளகும். அந்த மாதங்களில் கடன் தவணை இல்லை, புதுக் கடனும் இல்லை, அரிசிக்கும் மருந்துக்கும் சிறு கைமாற்று மட்டுந்தான். கச்சான் காற்று அடிக்கும் காலத்தில் மீன் படும்போது இரட்டைத் தவணை கட்டலாம். நான் அலுவலகத்தில் படித்த கடன் விதிமுறைகள் எதிலும் இது இல்லை. மாதத் தவணையாக எழுதுங்கள் என்று முதற் கூட்டத்தில் சொன்னேன். "மிஸ், கடலுக்கு மாசச் சம்பளம் இல்லைத்தானே" என்று ஒருத்தி சொல்ல எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு, அலுவலகத்துக்கு அனுப்பும் படிவத்தில் மாதத் தவணை என்றே நிரப்பி, கொப்பியில் அவர்கள் விருப்பப்படி எழுத விட்டேன். அது ஒழுங்கல்ல என்று அப்போதே தெரியும். ஆனால் அந்தச் சங்கத்தில் 2004 வரைக்கும் ஒரு சதமும் வராக்கடனாகப் போகவில்லை.

இனி என் பெயரில் நடந்த ஒரு பிழை. 1999ஆம் ஆண்டு, மூதூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றுக்கு, வயலோரமாகப் போகும் ஒரு வண்டிப் பாதையை நானூறு மீற்றர் தூரத்துக்குக் கிரவல் போட்டுத் திருத்த ஒதுக்கீடு கிடைத்தது. கடிதம் வந்தது புரட்டாதி கடைசியில். சங்கத்தோடு ஒப்பந்தம் எழுதி முடிய ஐப்பசி போயிற்று. கார்த்திகையில் மழை விடவே இல்லை. கிரவல் கிடங்குக்குள் உழவு இயந்திரம் இறங்க முடியவில்லை. மார்கழி இருபதில் சங்கத் தலைவர் வந்து, "மிஸ், இப்பக் கொட்டினா வயலுக்குத்தான் போகும். தை கழியட்டும், சொந்தச் செலவில நிண்டு செய்து தாறம்" என்றார். அவர் சொன்னது சரி. நான் அலுவலகத்துக்குப் போய் ஆண்டு முடிந்த பிறகும் செய்ய வழியுண்டா என்று கேட்டேன். பணத்தை வைப்புக் கணக்குக்கு மாற்றி வைத்துவிட்டுப் பிறகு கொடுக்கலாமே என்று ஒருவர் சொன்னார். ஒதுக்கீடு காலாவதியாகாமல் தப்புவதற்காக மட்டும் அப்படி மாற்றக் கூடாது என்று நிதிப் பிரமாணம் சொல்கிறது, கணக்காய்வு முதலில் தேடுவதும் அதைத்தான் என்று இன்னொருவர் சொன்னார். கடைசியில் எல்லோரும் சேர்ந்து சொன்னது பழைய வசனந்தான்: காசு திரும்பிப் போயிடும்; ஒருமுறை திரும்பினால் அடுத்த ஆண்டு உன் பிரிவுக்கு வெட்டுவார்கள்.

நான் பயந்தேன். மழைக்குள்ளேயே கொட்டச் சொன்னேன். மூன்று நாள் விடாமல் கொட்டினார்கள். தொழில்நுட்ப உத்தியோகத்தர் குடைக்குக் கீழே நின்று அளந்தார்; முழங்கால் சேற்றில் அளவுநாடாவின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றது நான். மார்கழி முப்பதாந் திகதி காசோலை போயிற்று. தைப்பொங்கலுக்கு இரண்டு நாள் முன்பு பெய்த மழையில் அந்தக் கிரவலில் பாதி பக்கத்து வயலுக்குள் போய்ப் படிந்தது. வயற்காரர், குடலைப் பயிருக்குள் கிடந்த கல்லைப் பொறுக்கி வரம்பில் வைத்துக்கொண்டு, என்னைக் கண்டதும் ஒன்றும் பேசாமல் மறுபக்கம் திரும்பினார். ஒன்றரை ஆண்டுக்குப் பின் கணக்காய்வு வினா வந்தது. பாதை எங்கே என்று அதில் கேட்கவில்லை. மதிப்பீட்டிலுள்ள லோட் எண்ணிக்கைக்கும் பற்றுச்சீட்டுகளில் உள்ள எண்ணிக்கைக்கும் இடையே ஒரு லோட் வித்தியாசம் ஏன் என்றுதான் கேட்டிருந்தார்கள். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். உண்மையாகவே ஆற்றில் போட்டுவிட்டு அளவுக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தேன்.

கணக்காளர் பரீட்சை எழுத வேண்டும் என்ற எண்ணம் அந்த வினாவுக்குப் பதில் எழுதிய மேசையில்தான் வந்தது. வேண்டாம் என்று சொல்கிற கதிரையில் நானே இருந்தால் எவ்வளவு தூரம் ஆம் சொல்லலாம் என்று பார்க்கும் ஆசை. 2003இல் சித்தியடைந்தேன். கதிரையில் இருந்து பார்த்தபோது, விதியை மாற்ற முடியாது, ஆனால் வரிசையை மாற்றலாம் என்று கண்டேன். வேலைகளை இரண்டாகப் பிரித்துச் சுவர் நாட்காட்டியில் குறித்தேன்: நனையக் கூடிய வேலை, நனையக் கூடாத வேலை. தையல் இயந்திரம், பாலர் பாடசாலைத் தளபாடம், பயிற்சி வகுப்பு ஆகியவற்றை மழைக்குள் செய்யலாம். அவற்றை ஆண்டுக் கடைசிக்குத் தள்ளினேன். பாதை, மதகு, குளக்கட்டு எதுவானாலும் அதன் முன்மொழிவும் மதிப்பீடும் ஒதுக்கீட்டுக் கடிதத்துக்குக் காத்திராமல் மாசிக்குள் தயாராக இருக்க வேண்டும் என்றேன். கிணறு மட்டும் தனி வகை. கிணறு வெட்டுவது ஆவணியில்தான். நிலத்தடி நீர் அடியில் கிடக்கும் அந்த மாதத்தில் தண்ணீர் கண்டால்தான் அது கிணறு. மார்கழியில் வெட்டினால் எட்டு அடியில் தண்ணீர் நிற்கும், படம் பிடித்துக் கோவையில் ஒட்டலாம், அடுத்த ஆடியில் அதற்குள் இறங்கிப் பிள்ளைகள் விளையாடலாம். அப்படியான கிணறுகள் இந்த மாவட்டத்தில் எத்தனையோ உண்டு. ஒவ்வொன்றிலும் திறந்து வைத்தவரின் பெயரும் மார்கழி மாதத் திகதியும் பொறித்திருக்கும்.

எல்லா ஆண்டும் இது சரிவந்தது என்று சொல்ல மாட்டேன். பாதி வேலையையாவது மழையிலிருந்து காப்பாற்றினேன்.

2004 மார்கழி 26 ஞாயிற்றுக்கிழமை, பௌர்ணமி. ஆண்டிறுதி உறுதிச்சீட்டுகள் அலுவலகத்தில் கட்டுக்கட்டாகக் கிடந்ததால் மத்தியானம் போய்க் கையொப்பமிடலாம் என்றிருந்தேன். காலையில் கடல் வந்தது. அந்த நாளைப் பற்றி இந்த மாவட்டத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு கதை இருக்கிறது. என் கதையில் விசேடமாக ஒன்றுமில்லை, எங்கள் வீடு தப்பியது. பிறகு வந்த மாதங்களில் நான் பார்த்தது பட்டியல்களை. இறந்தவர் ஒருவருக்கு ஈமச் செலவு 15,000 ரூபா. சமையற் பாத்திரத்துக்குக் குடும்பத்துக்கு 2,500 ரூபா. ஆளொன்றுக்குக் கிழமைக்கு 200 ரூபா காசும் 175 ரூபாவுக்குப் பொருளும். சில மாதங்களுக்குக் குடும்பத்துக்கு மாதம் 5,000 ரூபா. முப்பத்தைந்து ஆண்டில் அரசாங்கக் காசு பருவத்தைப் பாராமல் தேவையைப் பார்த்து ஓடியது அந்த ஒருமுறைதான் என்று நினைக்கிறேன். அதில் பிழைகள் நடந்தன, இரட்டைப் பதிவு நடந்தது. ஆனாலும் வாடைக்குள் அடுப்பு எரிந்தது.

அந்த மாதர் சங்கத்தின் கொப்பியும் பேணியும் கடலோடு போயின. உறுப்பினர்கள் தங்கியிருந்த பாடசாலைக்கு மாசியில் போனேன். பொருளாளர் புதுக் கொப்பி ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு வகுப்பறைத் தரையில் இருந்தா. ஒவ்வொருத்தியாக வந்து தான் எவ்வளவு எடுத்தது, எவ்வளவு கட்டியது, மீதி எவ்வளவு என்று எல்லோருக்கும் கேட்கச் சொல்ல, அவ எழுதினா. யாரும் குறைத்துச் சொல்லவில்லை என்று நான் சாட்சி சொல்ல முடியாது. ஆனால் ஒருத்தி, "இல்லையடி, நீ பிறகும் ஐந்நூறு எடுத்தனி" என்று மற்றவளுக்கு ஞாபகப்படுத்தியதையும், அவள் தலையில் தட்டிக்கொண்டு ஒத்துக்கொண்டதையும் கண்டேன். மூன்று பெயர்களுக்கு யாரும் எழுந்து வரவில்லை. பொருளாளர் அந்த மூன்று பெயரையும் எழுதிவிட்டு, சிவப்புப் பேனையை எடுத்து, என்னைப் பார்த்து, "மிஸ், இதுக்கு உங்கட கணக்கில என்ன எழுதுவீங்க?" என்று கேட்டா. பதிவழிப்பு, வராது என்று கணக்கிலிருந்து கழித்துவிடுவது, என்று சொன்னேன். அவ அதை எழுதவில்லை. பேனையை மூடிவிட்டா.

இவ்வளவுக்கும் தப்பிய அந்தச் சங்கத்தை அடுத்த இரண்டு ஆண்டு உதவிப் பணம் ஏறத்தாழக் கொன்றுவிட்டது. வெளியிலிருந்து வந்த நிறுவனங்களுக்கும் ஒரு மார்கழி முப்பத்தொன்று இருந்தது; திட்டம் முடியும் திகதிக்குள் பணம் செலவழிந்திருக்க வேண்டும். கடலுக்கே போகாதவர்களுக்கும் படகு கிடைத்தது. ஒரே கிராமத்தில் மூன்று நிறுவனங்கள் மூன்று சுழற்சிக் கடன் நிதிகளை மூன்று கணக்குப் புத்தகங்களோடு கொண்டுவந்து வைத்தன; வைத்தவர்கள் போன பின் வசூலிக்க ஆளில்லை, கட்டச் சொல்லவும் ஆளில்லை. கட்டத் தேவையில்லாத கடனைக் கண்ட பிறகு, கட்டித் தீர வேண்டிய கடனுக்கு யார் பாய் விரித்து இருப்பார்கள்? நாற்பது பேர் பன்னிரண்டு பேரானார்கள். அந்தப் பன்னிரண்டு பேரும் பழைய ஒழுங்கை விடவில்லை என்பதால்தான் சங்கம் இன்றைக்கும் இருக்கிறது.

2006இல் மூதூர் கிழக்கிலிருந்து இடம்பெயர்ந்து கிளிவெட்டி முகாமில் இருந்த ஒரு சங்கத்தின் செயலாளர் என்னிடம் வந்து கேட்டது, வங்கியில் கிடக்கும் சங்கக் காசு அரசாங்கத்துக்குப் போய்விடுமா என்றுதான். கொடுக்கல் வாங்கலே இல்லாமல் நீண்ட காலம் கிடந்தால் கணக்கு உறங்கிவிடும் என்றும், பத்து ஆண்டு கடந்தால் அது மத்திய வங்கிக்கு மாறிவிடும் என்றும் சொல்லி, ஆண்டுக்கு ஒருமுறை நூறு ரூபாவாவது போடச் சொன்னேன். மூதூர் கிழக்கின் சம்பூரில் அரசாங்கம் பிடித்து வைத்திருந்த காணிகள் விடுபட்டுச் சனம் திரும்பிப் போனது 2015இலும் 2016இலும். அவரும் போனார். வங்கிப் புத்தகத்தைக் கொண்டுவந்து காட்டினார். ஒன்பது வரியில் ஒன்பது நூறு ரூபா. இந்தப் பதிவில் என் கெட்டித்தனம் என்று சொல்லிக்கொள்ளக் கூடியது அந்த ஒன்பது வரிகள்தான்.

வீட்டுத் திட்டங்களில் மட்டும் ஒரு வேறுபாட்டைக் கண்டேன். இந்திய உதவியுடன் 5,50,000 ரூபா கொடுத்துக் கட்டப்பட்ட வீடுகளில், பணம் கட்டங்கட்டமாகப் பயனாளியின் வங்கிக் கணக்குக்கே போயிற்று. அத்திவாரம் எழும்பினால் அடுத்த பகுதி, சுவர் எழும்பினால் அதற்கடுத்தது. மழை வந்தால் வீட்டுக்காரர் வேலையை நிறுத்தினார், பணமும் நின்றது, வெயில் வந்ததும் இரண்டும் சேர்ந்து தொடர்ந்தன. குறைகள் இருந்தன, கடனாளியானவர்களும் உண்டு, ஐந்தரை லட்சத்துக்குள் அடங்காத கூரையும் உண்டு. ஆனால் சுவர் பணத்துக்காக அவசரப்படாமல், பணம் சுவருக்காகக் காத்திருந்ததை அங்கேதான் பார்த்தேன்.

அதற்கு நேர் எதிரான ஒன்று அதே காலத்தில் ஒழுங்கைகளுக்குள் மோட்டார் சைக்கிளில் வந்தது. நுண்கடன். பெயர் சொல்லத் தேவையில்லாத ஒரு கம்பனியின் கடன் அட்டையை ஒருநாள் என் பக்கத்து வீட்டுப் பெண் கொண்டுவந்து காட்டினாள். 50,000 ரூபா கடன், ஆண்டுக்கு 24 சதவீத வட்டி, 52 கிழமைத் தவணை. வட்டி 12,000, மொத்தம் 62,000, கிழமைக்கு ஏறத்தாழ 1,192 ரூபா. வங்கி அடகு வட்டியிலும் கொஞ்சந்தான் கூட என்று அவள் நினைத்திருந்தாள். முதற் கிழமையிலிருந்தே கடனின் முதல்தொகை குறைந்துகொண்டு போகிறது, ஆனால் வட்டியைக் கடைசிக் கிழமை வரைக்கும் முழு ஐம்பதினாயிரத்துக்கும் போட்டிருக்கிறார்கள். ஆண்டு முழுவதும் சராசரியாகப் பார்த்தால் உன் கையில் அதில் பாதிக்குச் சற்றுக் கூடத்தான் இருக்கிறது, ஆகையால் நீ கட்டுவது ஏறத்தாழ 44 சதவீதம் என்று கணக்குப் போட்டுக் காட்டினேன். அதைவிட அவளை வதைத்தது கிழமை என்ற சொல். அவளுடைய வீட்டுக்கு நெல்லுக் காசு வருவது பெரும்போகத்துக்கு ஒருமுறை, தண்ணீர் இருந்தால் சிறுபோகத்துக்கு ஒருமுறை. ஆண்டில் இரண்டு முறை வருமானம் காணும் ஒருத்தி ஐம்பத்திரண்டு முறை கட்டுவதென்றால் இன்னொரு கம்பனியிடம் எடுத்துத்தான் கட்ட வேண்டும். அவள் மூன்றிடம் எடுத்திருந்தாள். வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் பட்ட ஒரு லட்சம் ரூபா வரையான நுண்கடன்களை அரசாங்கம் 2018இல் தள்ளுபடி செய்யத்தான் செய்தது. நிபந்தனைக்குள் அவளுடைய ஒரு கடன் வந்தது, இரண்டு வரவில்லை. எந்தக் காசில் கட்டுவாய் என்று அவளிடம் ஒருவரும் கேட்டிருக்கவில்லை.

2022இல் கட்டுநிதியே வரவில்லை. சித்திரையில் நாடு கடன் கட்ட முடியாது என்று அறிவித்ததோடு புது வேலைகளை நிறுத்தச் சொல்லிச் சுற்றுநிருபம் வந்தது. செய்து முடித்த வேலைகளின் பட்டியல்கள் கையிலேயே கிடந்தன. என் கடைசி ஆண்டில் கையொப்பமிட்ட உறுதிச்சீட்டுகளைவிடத் திருப்பி அனுப்பிய பட்டியல்கள் கூட. கடைசி நாளில் பெட்டகத்தைத் திறந்து காசை எண்ணி, முத்திரைகளை எண்ணி, திறப்பைப் பதில் கடமைக்கு வந்தவரிடம் கொடுத்து இடாப்பில் ஒப்பமிட்டேன். என் சொந்தப் புத்தகங்களும் பழைய சுவர் நாட்காட்டிகளும் இருந்த காட்போட் பெட்டியை விறாந்தையில் வைத்துவிட்டு முச்சக்கர வண்டி தேடப் போய் வருவதற்குள், மழைக்கு ஒதுங்கிய மான் ஒன்று நாட்காட்டி ஒன்றை இழுத்துப் பாதியைத் தின்றிருந்தது. இந்த ஊர் மான்களைத் தெரிந்தவர்களுக்கு இதில் வியப்பிருக்காது.

பணிக்கொடை உடனே வரவில்லை. 2023 மார்கழி நடுப்பகுதியில் விசாரிக்கப் போனேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பிள்ளை, என் தங்கை மகனின் வயதுதான் இருக்கும், மரியாதையாகக் கதிரை காட்டி, கணினியைப் பார்த்துவிட்டு, "அம்மா, கட்டுநிதி வந்தவுடன போட்டுடுவம். முப்பத்தொண்டுக்கு முந்தி வராட்டி அடுத்த வருச ஒதுக்கீட்டிலதான்" என்றான். அவன் வாயசைவதற்கு முன்பே அந்த வசனம் முழுவதும் எனக்குத் தெரிந்திருந்தது. எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன். வெளியே வந்து மழைக்கு ஒதுங்கி நின்றபோது கைத்தொலைபேசி அடித்தது. அந்த மாதர் சங்கத்தின் பொருளாளர், பழைய பொருளாளரின் மகள். ஆண்டுக் கூட்டத்துக்கு என்னை அழைக்க எடுத்திருந்தாள். எப்போது என்று கேட்டேன்.

"மாசியில, மிஸ். இப்ப வாடைதானே."

சரி, வாறன் என்றேன்.